ஒரே ஒரு மாணவியுடன் தொடங்கிய பல்கலைக்கழகம்!

தென் கொரியாவின் தலைநகரம் சியோல். அந்த நகரில் பெண்களுக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் பெயர் ஈஹ்வா. சுமார் 20 ஆயிரம் பேர் அங்கே படிக்கிறார்கள். உலகத்தில் உள்ள பெண்கள் பல்கலைக்கழகங்களில் மிகப் பெரியவற்றுள் அதுவும் ஒன்று.

அதை அரசாங்கம் தொடங்கவில்லை. அது தனியார் பல்கலைக்கழகம். அதற்கு வித்திட்டவர் கொரிய நாட்டவரும் இல்லை. மதப் பணிக்காக அமெரிக்காவில் இருந்து கப்பல் ஏறி வந்த ஒரு விதவைத் தாய்!

"அன்னியர் நடத்தும் பள்ளிக்கூடம் நம் பெண்களையும் அன்னியர் ஆக்கிவிடாதா?"

அன்றைய கொரியர்கள் இப்படிக் கேட்டார்கள். கேட்டதில் தவறு இல்லை. அதற்குச் சரியான பதில் சொன்னவர்கள் யார்? அந்தப் பள்ளியில் படித்த பெண்களே சொன்னார்கள். சில சமயம் நாட்டை ஆண்டவர்களை எதிர்த்து நின்று சொன்னார்கள். சில சமயம் பள்ளியையே எதிர்த்து நின்று சொன்னார்கள்!

பகலில் வெளியே வராத பெண்கள்

அந்தக் காலக் கொரியாவில் பெண்ணின் உலகம் வீட்டின் உள்கட்டுதான். நல்ல குடும்பத்துப் பெண் பகலில் தெருவில் நடக்க மாட்டாள். சியோல் நகரில் இரவு ஆனதும் மணி அடிக்கும். ஆண்கள் வீட்டுக்குள் போய்விட வேண்டும். அதன் பிறகுதான் பெண்கள் வெளியே வந்து காற்று வாங்கலாம்.

பல பெண்களுக்குச் சொந்தப் பெயரே கிடையாது. இன்னாருடைய மகள், இன்னாருடைய மனைவி, இன்னாருடைய தாய். அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட நாட்டுக்கு 1885-ம் ஆண்டு மேரி ஸ்கிரான்டன் அம்மையார் வந்தார். அப்போது அவருக்கு வயது 50-க்கு மேல். அமெரிக்க மெதடிஸ்ட் சபையின் பெண்கள் சங்கம் அவரை அனுப்பியது. அவருடைய மகன் டாக்டர். அவரும் மனைவியோடு கொரியாவுக்கு வந்திருந்தார்.

பெண்களுக்குப் பள்ளிக்கூடம் என்று அறிவித்தார் அம்மையார். மாதங்கள் ஓடின. ஒரு பெண் கூட வரவில்லை!

1886-ம் ஆண்டு மே மாதம் முதல் மாணவி வந்தாள். அவள் சிறுமி இல்லை. ஓர் அதிகாரியின் ஆசைநாயகி. ஆங்கிலம் படித்தால் ராணிக்கு மொழிபெயர்ப்பாளர் ஆகலாம் என்பது அவர்கள் எண்ணம். ஆனால் சுமார் மூன்று மாதத்தில் அவள் படிப்பை விட்டுவிட்டாள்.

எழுதிக் கொடுத்த வாக்கு

அடுத்து வந்தவள் ஓர் ஏழைச் சிறுமி. வீட்டில் சோற்றுக்கு வழி இல்லை. அதனால் தாய் அவளைக் கொண்டு வந்து விட்டாள்.

அக்கம்பக்கத்தார் சும்மா இருப்பார்களா? "நீயும் ஒரு தாயா? இன்றைக்குச் சோறு போடுவார்கள். நாளைக்குப் பெண்ணைக் கப்பலில் ஏற்றிக் கொண்டு போய்விடுவார்கள்" என்று ஏசினார்கள். தாய் பயந்து போனாள். மகளைத் திருப்பிக் கேட்டாள்.

அம்மையார் என்ன செய்தார் தெரியுமா? தாயின் சம்மதம் இல்லாமல் பெண்ணைக் கொரியாவை விட்டு வெளியே கொண்டு போக மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பெண் பள்ளியில் தங்கினாள்.

மூன்றாவதாக வந்த சிறுமியின் கதை இன்னும் உருக்கமானது. நோயுற்ற தாயும் அவளும் நகரத்து மதில் ஓரத்தில் கிடந்தார்கள். அம்மையாரின் மகன் அவர்களைத் தூக்கி வந்து மருத்துவம் செய்தார். அந்தப் பெண்ணும் மாணவி ஆனாள்.

நம்பிக்கை இப்படித்தான் துளித் துளியாக வளர்ந்தது. மறு வருஷம், 1887-ல், அரண்மனையே பள்ளிக்கு ஒரு பெயர் சூட்டியது. "ஈஹ்வா" என்றால் பேரிக்காய் மரத்தின் பூ என்று பொருள். அதே ஆண்டில் பெண்களுக்கு என்று தனி மருத்துவமனையும் ஏற்பட்டது. ஆண் டாக்டரிடம் நாடி காட்டவே கூசிய பெண்களுக்கு அது பெரிய வரம்.

அம்மையார் மதத்தைப் பரப்பவே வந்தார். அதை அவர் மறைக்கவில்லை. ஆனால் மாணவிகளை வெள்ளைக்காரிகள் ஆக்க அவர் விரும்பவில்லை. அவர்கள் கொரிய உடை உடுத்தினார்கள். கொரிய முறையில் தரையில் உட்கார்ந்தார்கள். கொரியர்களை இன்னும் நல்ல கொரியர்களாக ஆக்குவதே தம் மகிழ்ச்சி என்று அவர் எழுதி வைத்திருக்கிறார்.

எழுதுவது எளிது. அது உண்மையா என்று காலம்தான் சோதித்துப் பார்க்க வேண்டும். சோதனை வந்தது.

கணவன் உழைத்தான், மனைவி படித்தாள்

பள்ளியின் முதல் மாணவிகளில் ஒருத்தி பின்னாளில் எஸ்தர் பார்க் என்று பெயர் பெற்றாள். ஆங்கிலம் நன்றாக வந்தது. அதனால் மருத்துவமனையில் அமெரிக்கப் பெண் டாக்டருக்கு மொழிபெயர்ப்பாளர் ஆனாள்.

முதலில் கத்தியைக் கண்டாலே அவளுக்கு நடுக்கம். ஒரு நாள் உதடு பிளந்த ஒருவருக்கு டாக்டர் அறுவைச் சிகிச்சை செய்தார். கோணலாக இருந்த முகம் நேரானது. அதைக் கண்ட எஸ்தர், "நானும் டாக்டர் ஆவேன்" என்று உறுதி கொண்டாள்.

திருமணத்துக்குப் பிறகு கணவரோடு அமெரிக்கா போனார். அங்கே கணவர் கூலி வேலை செய்து மனைவியைப் படிக்க வைத்தார். 1900-ம் ஆண்டு எஸ்தர் டாக்டர் பட்டம் வாங்கினார். ஆனால் அந்தப் பட்டத்தைப் பார்க்கக் கணவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. காச நோயால் அதற்குச் சற்று முன்பே இறந்துவிட்டார்.

எஸ்தர் அமெரிக்காவிலேயே தங்கிவிட்டாரா? இல்லை. தாய்நாட்டுக்குத் திரும்பினார். கிராமம் கிராமமாகப் போய் வைத்தியம் செய்தார். 1910-ல் அவரையும் காச நோய் கொண்டு போனது. மேல்நாட்டு வைத்தியம் படித்துப் பட்டம் பெற்ற முதல் கொரியப் பெண் அவர்தான்.

மதில் ஏறிக் குதித்த மாணவி

அதே 1910-ல் ஜப்பான் கொரியாவைத் தன் நாட்டோடு சேர்த்துக் கொண்டது. அதே ஆண்டில் ஈஹ்வாவில் கல்லூரி வகுப்பும் தொடங்கியது. 1914-ல் முதல் பட்டமளிப்பு. பட்டம் பெற்றவர்கள் மூன்றே பேர்!

1919-ம் ஆண்டு மார்ச் 1-ந் தேதி கொரியா முழுவதும் சுதந்திர முழக்கம் எழுந்தது. ஈஹ்வா மாணவிகளும் துடித்தார்கள். ஆபத்து என்று ஆசிரியைகள் தடுத்தார்கள். பெண்கள் கேட்கவில்லை. மதில் ஏறிக் குதித்து ஊர்வலத்தில் சேர்ந்தார்கள்.

அவர்களில் ஒருத்தி யூ குவான்-சூன். பள்ளிகளை மூடியதும் அவள் சொந்த ஊருக்குப் போனாள். ஏப்ரல் 1-ந் தேதி சந்தையில் மக்களைத் திரட்டிச் சுதந்திரக் கோஷம் போட்டாள். ஜப்பானியர் சுட்டார்கள். அவளைப் பெற்றவர்கள் இருவரும் அங்கேயே உயிர் விட்டார்கள்.

சிறையில் பட்ட சித்திரவதையால் 1920-ம் ஆண்டு செப்டம்பர் 28-ந் தேதி அவள் இறந்தாள். வயது 17. அவளுடைய உடலைக் கேட்டு வாங்கி அடக்கம் செய்தவர்கள் யார்? "போகாதே" என்று தடுத்த அதே பள்ளிக்கூடத்தார்தான்!

அன்னியர் பள்ளி நம் பெண்களை அன்னியர் ஆக்கிவிடும் என்று பயந்தார்களே, அந்தப் பயத்துக்கு இதை விடப் பெரிய பதில் வேண்டுமா?

கறையும் உண்டு

எல்லாம் புகழ்ச்சி என்றால் அது சரித்திரம் ஆகாது.

ஹெலன் கிம் என்ற அம்மையார் ஈஹ்வாவில் படித்தவர். 1931-ல் அமெரிக்காவில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றார். அந்தப் பட்டம் பெற்ற முதல் கொரியப் பெண் அவர். 1939-ல் கல்லூரியின் தலைவி ஆனார். 1946-ல் அது பல்கலைக்கழகம் ஆனது. பிறகு கொரிய யுத்தம் மூண்டது. பூசான் துறைமுக நகருக்கு ஓடிப் போய், அங்கே கூடாரத்திலும் பலகைக் கொட்டகையிலும் வகுப்பு நடத்தினார்கள். ஹெலன் கிம் அத்தனையையும் தாங்கி நின்றார்.

ஆனால் உலக யுத்தத்தின்போது இவரே ஜப்பானியருக்காகப் பேசினார். கொரிய இளைஞர்கள் ஜப்பானியப் படையில் சேர வேண்டும் என்று பிரசாரம் செய்தார். கல்லூரியைக் காப்பாற்ற வேறு வழி இல்லை என்று சிலர் வாதிக்கிறார்கள். அந்தப் பேச்சைக் கேட்டுப் பிள்ளையை இழந்த தாய் அந்த வாதத்தை ஏற்பாளா?

பல்கலைக்கழகத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. 2017-ல் மாணவிகள் அந்தச் சிலை அருகே அவர் செய்த பிழைகளை எழுதிய பலகையை வைத்தார்கள். நிர்வாகம் அதை அகற்றியது. பலகையை அகற்றலாம். கேள்வியை அகற்ற முடியுமா?

இன்னொரு வேடிக்கையையும் கேளுங்கள். ஈஹ்வாவில் திருமணம் ஆன பெண் படிக்கக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. சிறு வயதில் கட்டிக் கொடுத்துப் படிப்பைக் கெடுத்துவிடுகிறார்கள் என்பதால் அந்தத் தடை. நோக்கம் நல்லதுதான். ஆனால் காலம் மாறியது. படிப்பைக் காக்க வந்த விதியே படிப்பைப் பறிக்கும் விதி ஆனது! 2003-ல்தான் அதை எடுத்தார்கள். கல்யாணத்துக்காக எப்போதோ படிப்பை விட்ட சில பெண்கள், நரைத்த தலையோடு திரும்பி வந்து வகுப்பில் உட்கார்ந்தார்கள்.

தையல் படித்தவர் சட்டம் படித்தார்

லீ டை-யங் என்ற மாது 1936-ல் ஈஹ்வாவில் பட்டம் பெற்றார். படித்தது சமையல், தையல், வீட்டு நிர்வாகம். பிறகு திருமணம், குழந்தைகள். நாடு விடுதலை அடைந்ததும் சட்டம் படிக்கப் போனார்! 1952-ல் நாட்டின் உயர் நீதித் தேர்வில் தேறினார். கொரியாவின் முதல் பெண் வழக்கறிஞர் ஆனார். 1956-ல் ஏழைப் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி நிலையம் தொடங்கினார்.

குடும்பத்துக்கு ஆண்தான் தலைவன் என்று எழுதி வைத்த சட்டத்தை எதிர்த்து வாழ்நாள் முழுவதும் போராடினார். 1998-ல் அவர் மறைந்தார். 2005-ல் அந்தச் சட்டத்தை நீக்கப் பாராளுமன்றம் முடிவு செய்தது. அவர் நட்ட மரம் அவருக்குப் பிறகு காய்த்தது.

தலைவர் இல்லாத போராட்டம்

2016-ம் ஆண்டு ஜூலை மாதம். புதிதாக ஒரு பட்டப் படிப்புப் பிரிவு தொடங்க நிர்வாகம் முடிவு செய்தது. தங்களைக் கேட்காமல் செய்ததாக மாணவிகள் கொதித்தார்கள். பிரதானக் கட்டடத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட போலீசார் உள்ளே நுழைந்தார்கள். மாணவிகள் கைகோத்துக் கொண்டு பாட்டுப் பாடினார்கள்!

நிர்வாகம் திட்டத்தைக் கைவிட்டது. ஆனாலும் பெண்கள் எழுந்திருக்கவில்லை. பல்கலைக்கழகத்தின் தலைவி விலக வேண்டும் என்றார்கள். அதற்குள் இன்னொரு பூதம் கிளம்பியது. அன்றைய ஜனாதிபதி பார்க் குன்-ஹேயின் நெருங்கிய தோழியின் மகளுக்கு ஈஹ்வாவில் சலுகை காட்டி இடம் கொடுத்தது அம்பலம் ஆனது. அக்டோபர் 19-ந் தேதி தலைவி ராஜினாமா செய்தார்.

நெருப்பு அங்கே நிற்கவில்லை. தோழியின் மற்ற விவகாரங்களும் வெளிவந்தன. லட்சக்கணக்கான மக்கள் தெருவில் மெழுகுவர்த்தி ஏந்தினார்கள். 2017-ம் ஆண்டு மார்ச் 10-ந் தேதி ஜனாதிபதியே பதவி இழந்தார்.

அந்த ஆண்டு மே மாதம் பல்கலைக்கழகத்தின் புதிய தலைவியைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தத் தேர்தலில் மாணவிகளும் ஓட்டுப் போட்டார்கள்.

பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி

பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்று கேட்ட காலம் நம் நாட்டிலும் இருந்தது. இன்று அந்தக் கேள்வி குறைந்துவிட்டது. வேறு கேள்விகள் வந்துவிட்டன. கட்டணம் எவ்வளவு? விடுதி எப்படி? படித்து முடித்தால் வேலை கிடைக்குமா? இவையும் கேட்க வேண்டியவையே.

ஆனால் ஈஹ்வாவின் கதை இன்னொரு கேள்வியையும் கேட்கச் சொல்கிறது. அந்தக் கல்லூரியில் நம் பெண் வாய் திறந்து ஒரு கேள்வி கேட்க முடியுமா? கேட்டால் அவளை அடக்குவார்களா, அல்லது பதில் சொல்வார்களா?

வித்து எங்கிருந்து வேண்டுமானாலும் வரலாம். கடல் கடந்தும் வரலாம். ஆனால் அந்த மண்ணில் வேர் விட்டால்தான் மரம் அந்த மண்ணுக்குச் சொந்தம். ஈஹ்வாவுக்கு வித்து அமெரிக்காவில் இருந்து வந்தது. வேர் விட்டது, மதில் ஏறிக் குதித்த பெண்களாலும், சிலைக்கு முன் நின்று கேள்வி கேட்ட பெண்களாலும்தான்.

தம்மைக் கேள்வி கேட்கும் மாணவிகளைக் கண்டு ஒரு கல்லூரி பயப்பட வேண்டியது இல்லை. பாடம் நன்றாக நடந்திருக்கிறது என்பதற்கு அவர்களே அத்தாட்சி!