போனுக்கு ஆன்டிவைரஸ் காசு கட்டி வாங்கணுமா? நான் வேண்டாம்னுதான் சொல்வேன்

போன வாரம் கம்பத்துல இருந்து சித்தப்பா கூப்பிட்டார். "ஏப்பா, போனுக்கு ஆன்டிவைரஸ் போடச் சொல்லி காசு கேக்குது, கட்டிரவா?" பன்னீர் திராட்சை வித்த காசு முழுக்க அந்தப் போன்ல இருக்கிற பேங்க் ஆப்லதான் கிடக்கு. பயம் நியாயம்தான். ஆனாலும் கட்டாதீங்கன்னுதான் சொன்னேன்.

பணம் போற வழியைப் பாருங்க. வாட்ஸ்அப் குரூப்ல 'பிஎம் கிசான்' பேர்ல ஒரு ஏபிகே ஃபைல் வரும். வருஷத்துக்கு 6,000 ரூபாய், 3 தவணையா வர்ற திட்டம். எந்த விவசாயியும் தொட்டுப் பார்க்கத்தான் செய்வார். அனுப்பினது பக்கத்துத் தோட்டக்காரர் நம்பராகூட இருக்கும். அவர் போன் ஏற்கெனவே மாட்டியிருக்கும். டிராஃபிக் அபராதம், கல்யாணப் பத்திரிகைன்னும் இதே ஃபைல் வேற வேஷத்துல வருது. இன்ஸ்டால் பண்ணதும் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்துட்டா, உங்க ஓடிபி நேரா திருடன் கைக்குப் போயிடும்.

இதுல வைரஸ் தானா உள்ள வரல. போன் எச்சரிக்கை காட்டியும் நாமதான் கதவைத் திறந்துவிடறோம்.

ஆன்டிவைரஸ் ஆப்களோட லட்சணத்தையும் சொல்லணும். ஆஸ்திரியாவின் ஏவி-கம்பாரட்டிவ்ஸ் 2019-ல 250 ஆண்ட்ராய்டு ஆப்களைச் சோதிச்சது. கெட்ட ஆப்களில் 30 சதவீதத்துக்கு மேல பிடிச்சவை வெறும் 80. பெரிய கம்பெனி ஆப்கள் நல்லாவே பிடிக்கும், மறுக்கல. ஆனா ஆண்ட்ராய்டுல கூகுள் ப்ளே ப்ரொடெக்ட் இலவசமாவே இருக்கு. 'அதை ஆஃப் பண்ணுங்க'ன்னு எவனாவது சொன்னா, அவன்தான் திருடன். ஐபோன்லயோ ஒரு ஆப் இன்னொரு ஆப்பை ஸ்கேன் பண்ண வழியே கிடையாது, அப்புறம் எதுக்குக் காசு?

என்னைக் கேட்டா, கணக்கைப் பிரிங்க. போடி ஏலத்துல ஏலக்காய் போட்ட பணமோ, திராட்சைப் பணமோ, அது வர்ற கணக்குக்கு யூபிஐயும் வேண்டாம், நெட் பேங்கிங்கும் வேண்டாம். செலவுக்கு இன்னொரு சின்னக் கணக்கு போதும்.

அப்படியும் பணம் போயிட்டா உடனே 1930-க்கு அடிங்க, பேங்குக்கும் சொல்லுங்க. ரிசர்வ் வங்கியோட 2017 சுற்றறிக்கைப்படி, நம்ம கவனக்குறைவால போனா, புகார் கொடுக்கிற வரைக்கும் ஆன நஷ்டம் நம்மளோடது. புகார் கொடுத்த பிறகு போறது பேங்க் பொறுப்பு. 'காலையில பாத்துக்கலாம்'னு தூங்கினா அந்த ராத்திரிக் கணக்கு உங்க தலையில.

சித்தப்பா போன் ஏழு வருஷப் பழசு. செக்யூரிட்டி அப்டேட் வர்றது எப்பவோ நின்னுபோச்சு. அதுக்கு எந்த ஆன்டிவைரஸும் மருந்தில்ல. அந்தக் காசைப் புதுப் போனுக்குச் சேருங்கன்னேன். "அடுத்த வெட்டு முடியட்டும்பா"ங்கிறார். அதுவரைக்கும் பேங்க் ஆப்பை அதுல இருந்து எடுத்தாச்சு.