அரசியல் சட்டம் மலையேற 26 வருஷம்!

1950 ஜனவரி 26 அன்று இந்தியா முழுக்க ஒரே நாளில் அரசியல் சட்டம் வந்துவிட்டது என்று பரீட்சையில் எழுதினால் முழு மார்க் கிடைக்கும். ஆனால் அது பாதி உண்மைதான்!

எலவனாசூர்கோட்டையில் சேலம் பஸ் ஏறினால் தியாகதுருகம், அடுத்து கள்ளக்குறிச்சி. அங்கிருந்து பார்த்தால் தெரிகிற கல்வராயன் மலை 1976 வரை மூன்று ஜாகிர்தார்கள் கையில் இருந்தது. சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்று மூன்று பரம்பரைகள். கீழே கலெக்டர், தாசில்தார். மேலே ஜாகிர்தார்! நாடு குடியரசாகி 26 வருஷம் கழித்துத்தான் அரசு அந்த மலையைக் கையில் எடுத்தது.

அதுவும் எப்போது? எமர்ஜென்சி காலத்தில்! ஊருக்கெல்லாம் அடிப்படை உரிமைகள் முடங்கிக் கிடந்த நேரத்தில்தான் மலைக்கு அரசியல் சட்டம் போய்ச் சேர்ந்தது. இதைவிடக் கூத்து உண்டா?

இதற்குச் சரியாக நூறு வருஷம் முன்பு, 1876-ல், துருக்கி சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது ஒரு அரசியல் சட்டம் கொடுத்தார். 1878-ல் பாராளுமன்றத்தை மூடிவிட்டார். இளந்துருக்கியர் கிளர்ச்சி செய்து 1908-ல்தான் அதைத் திரும்பத் திறக்க வைத்தார்கள். பாரசீகத்திலும் இதே கதைதான். 1906-ல் ஒரு ஷா கையெழுத்துப் போட்டார். 1908-ல் அவர் மகன் மஜ்லிஸ் மீது பீரங்கியால் சுட வைத்தார். 1909-ல் அரசியல் சட்டத்துக்காகப் போராடியவர்கள் டெஹ்ரானைப் பிடித்து அவரை இறக்கினார்கள்.

இரண்டு நாட்டுக் கதையும் சொல்வது ஒன்றுதான். காகிதத்தில் சட்டம் இருந்தால் மட்டும் போதாது, அது நடைமுறையில் இருக்கிறதா என்று கேட்க ஆள் வேண்டும்.

ஜாகிர்தான் எப்போதோ போய்விட்டதே, பழைய கதை எதற்கு என்று சிலர் கேட்கலாம். பழைய கதையா? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச்சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் செத்தார்கள். அதற்குப் பிறகு கல்வராயன் மலை மக்களின் அடிப்படை வசதிகள் பற்றிச் சென்னை உயர் நீதிமன்றமே தானாக முன்வந்து வழக்கு எடுக்க வேண்டியிருந்தது. ஜாகிர் ஒழிந்து 48 வருஷம் ஆகியும் இந்த நிலைமை!

ஒவ்வொரு ஜனவரி 26-க்கும் கொடியேற்றி மிட்டாய் கொடுப்பவர்கள் கல்வராயன் மலையில் நின்று ஒரு கேள்விக்குப் பதில் சொல்லட்டும். அந்த 26 வருஷக் கணக்கை யார் தீர்ப்பது?