நாங்கள் என்ன பார்சலா?

போன வாரம் தினசரிக்குள் செருகி ஒரு நோட்டீஸ் வந்தது. 'மூத்த குடிமக்களுக்கான சிறப்பு ஐரோப்பியச் சுற்றுலா.' பதினான்கு நாளில் ஒன்பது நாடு. மூன்று வேளையும் நம்மூர்ச் சாப்பாடு, தமிழ் பேசும் வழிகாட்டி, ஏற்றிவிட ஆள், இறக்கிவிட ஆள். அலுவலகத்தில் எல்.டி.சி. பில்களைச் சரிபார்த்துப் பழகிய கை சும்மா இருக்குமா? நோட்டீஸின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டேன். விமானம், பஸ், தூக்கம், குளியல், சாப்பாடு எல்லாம் போக, ஒரு நாட்டில் தரையில் கால் வைத்து நடக்கக் கிடைப்பது ஏழெட்டு மணி நேரம். அதிலும் பாதி, கழிப்பறை வரிசையிலும் சாவிக்கொத்துக் கடையிலும் போய்விடும்.

இப்படிப் போய் வந்தவர்கள் பலரை எனக்குத் தெரியும். நல்ல மனிதர்கள். போனில் படம் படமாகக் காட்டுவார்கள். "அந்த ஊர்க்காரர் யாரிடமாவது பேசினீர்களா?" என்று கேட்டால் யோசிப்பார்கள். பெட்டிக்குச் சீட்டு ஒட்டுவதுபோல் ஆளுக்கும் சீட்டு ஒட்டி அனுப்பி, அதே சீட்டோடு திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள். பணம் கட்டிய பிள்ளைகளுக்கு நிம்மதி. பார்சல் சேதமில்லாமல் வந்து சேர்ந்துவிட்டது.

சென்ற ஆண்டு மே மாதம் நானும் என் பள்ளித் தோழனும் முதுகில் ஆளுக்கொரு பையோடு அயர்லாந்தில் பன்னிரண்டு நாள் சுற்றினோம். அவன் பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவன், நம்மூர் வழக்கில் 'சொல்தா', பாரீஸின் புறநகரில் இருக்கிறான். கலவைக் கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். திரும்பி வந்ததிலிருந்து எனக்குக் கிடைக்கும் அர்ச்சனை கொஞ்சமல்ல. எழுபது வயதுக்கு மேல் மூட்டை தூக்குவதா, இளசுகளோடு ஒரே அறையில் படுப்பதா, பப் பப்பாக ஏறி இறங்குவதா என்று. ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருக்கிறேன்.

முதலில், ஏன் அயர்லாந்து? நாங்கள் பிரெஞ்சில் படித்த சரித்திரப் புத்தகத்தில் துய்ப்ளேக்சுக்குப் பிறகு லாலி வருவார். 1760இல் வந்தவாசியில் தோற்று, 1761 ஜனவரியில் புதுச்சேரியை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தவர். பாரீஸில் 1766இல் தலையை வெட்டினார்கள். நமக்கும் அவர் நல்லவர் அல்லர். முற்றுகையில் உணவு தீர்ந்தபோது ஊர்த் தமிழர்களைக் கோட்டைக்கு வெளியே துரத்தியவர். இந்த லாலியின் தகப்பனார் அயர்லாந்தில் கால்வே மாவட்டத்துக்காரர். அதைவிட வேடிக்கை, எதிர்ப்பக்கம் நின்று ஊரைப் பிடித்த அயர் கூட்டும் ஐரிஷ்காரர்தான், லிமெரிக் மாவட்டத்தில் பிறந்தவர். நம் ஊரைப் பறிகொடுத்தவருக்கும் பறித்தவருக்கும் ஒரே பூர்வீகம்! பிரெஞ்சில் கலவைக் கல்லூரியை 'கல்வே' என்போம். கல்வேயில் படித்தவர்கள் கால்வேயைப் பார்க்க வேண்டும் என்று என் தோழன் நாற்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

எந்தப் பேக்கேஜில் இது வரும்? அயர்லாந்துக்குப் பேக்கேஜ்காரர்கள் வைத்திருப்பது ஒன்றுதான். காலையில் டப்ளினில் பஸ் ஏற்றி, தீவின் மறுகரைக்கு ஓட்டி, 214 மீட்டர் உயரமுள்ள மோகர் பாறைகளைக் காட்டி, இரவு டப்ளினில் இறக்கிவிடுவார்கள். வழியில் உள்ள ஊர்களெல்லாம் கண்ணாடி ஜன்னலில் ஓடுகிற சினிமா.

நாங்கள் லிமெரிக்கில் இறங்கினோம். ஷானன் ஆற்றங்கரையில், அரசர் ஜான் கோட்டைக்கு எதிரே, ஒரு பீடத்தின்மேல் ஒரு பாறைத் துண்டு இருக்கிறது. 1691 ஒப்பந்தம் அதன்மேல்தான் கையெழுத்தானது என்பது மரபு. அதன்பின் ஆயிரக்கணக்கான ஐரிஷ் வீரர்கள் நாட்டை விட்டு பிரான்ஸுக்குக் கப்பலேறினார்கள். 'காட்டு வாத்துகள்' என்று அவர்களுக்குப் பெயர். லாலியின் தகப்பனாரும் அந்தக் காலத்தில் அப்படிப் போனவர்தான். என் தோழன் அந்தக் கல்முன் வெகுநேரம் நின்றான். அவனும் பதினெட்டு வயதில் பிரெஞ்சுப் படையில் சேரக் கப்பலேறியவன். "டேய், நம்ம ஊர்க் கதை மாதிரியே இருக்குதுடா" என்றான். அறுபது வருடப் பழக்கத்தில் அவன் கப்பலேறிய நாளைப் பற்றி என்னிடம் பேசியதே இல்லை. அன்று மாலை முழுவதும் பேசினான். 'அரை மணியில் எல்லோரும் பஸ்ஸுக்கு வரவும்' என்று ஒருவன் கொடியை ஆட்டிக்கொண்டிருந்தால் அந்தப் பேச்சு நடந்திருக்காது.

இனி ஹாஸ்டல் விவகாரம். ஜெர்மனியில் ரிச்சர்ட் ஷிர்மான் என்றொரு பள்ளி ஆசிரியர். 1909இல் மாணவர்களோடு நடைப்பயணம் போனபோது புயல் மழை பிடித்துக்கொள்ள, ஒரு பள்ளிக்கூடத்தில் வைக்கோல் பரப்பிப் படுத்தார்கள். ஊருக்கு ஊர் இப்படி மலிவான படுக்கை இருந்தால் என்ன என்று அன்றிரவு அவருக்குத் தோன்றியதிலிருந்து வந்தவை இந்த விடுதிகள். அயர்லாந்துச் சங்கம் 1931இல் தொடங்கியது. அதன் ஐரிஷ் பெயருக்கே 'இளமை' என்றுதான் பொருள். ஆனால் நாங்கள் தங்கிய எந்த விடுதியிலும் யாரும் வயதைக் காட்டித் தடுக்கவில்லை. வரவேற்பு மேசைப் பெண் எங்கள் தலையைப் பார்த்தாள், கேட்காமலே கீழ்ப் படுக்கை போட்டுக் கொடுத்தாள், பூட்டு இருக்கிறதா என்று கேட்டாள். அவ்வளவுதான்.

ஹாஸ்டலின் உயிர் அதன் குசினி. ஒரே அடுப்பில் ஆறு நாட்டுக்காரர்கள் சமைப்பார்கள். அவரவர் பொட்டலத்தில் பெயரும் தேதியும் எழுதி ஒட்ட வேண்டும். ஊரை விட்டுப் போகிறவர்கள் மிச்சம் வைத்துவிட்டுப் போகும் அரிசியும் எண்ணெயும் பொது அலமாரியில் இருக்கும். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். கார்க்கில் நான் ரசம் வைத்தேன். மிளகு வாசனைக்குப் பிரேசில் பையன் ஒருவன் கிண்ணத்தோடு வந்து நின்றான். பேக்கேஜில் நம்மூர்ச் சாப்பாடு கிடைக்கும் என்கிறீர்களே, நம் சாப்பாட்டை இன்னொருவனுக்குக் கொடுக்க அங்கே வழி உண்டா?

எல்லாம் சொர்க்கம் என்று சொல்ல மாட்டேன். டப்ளினில் டெம்பிள் பார் பக்கம் சனிக்கிழமை இரவு தங்கக் கூடாது. கல்யாண மாப்பிள்ளையும் அவன் கூட்டாளிகளும் போடுகிற கூச்சல் விடியும்வரை ஓயாது. அந்த வட்டாரத்தை மட்டும் பார்த்துவிட்டு ஐரிஷ் பப்பே இதுதான் என்று சொல்வது, வார இறுதியில் நம் ஊர் மதுக்கடை வாசலைப் பார்த்துவிட்டுப் புதுச்சேரியே இதுதான் என்று சொல்வதுபோல.

அந்தப் பேச்சுக்கும் வருகிறேன். பப்புக்குப் போனது தப்பாம். தெருவுக்குத் தெரு மதுக்கடை உள்ள ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்பவர்களை என்ன செய்வது? நம் பாரில் வெளிச்சம் கிடையாது, முகத்தை மறைத்துக்கொண்டு போகிறோம், நின்றபடி ஊற்றிக்கொண்டு வெளியேறுகிறோம். பப் என்ற சொல்லே 'பொது வீடு' என்பதன் சுருக்கம்தான். அங்கே பாட்டிமார் செய்தித்தாள் படிக்கிறார்கள். இரவு ஒன்பது வரை, மே முதல் செப்டம்பர் வரை என்றால் பத்து வரை, பெற்றோரோடு குழந்தைகள் உட்காரலாம். கேட்டால் டீ கொண்டுவருகிறார்கள். எனக்குச் சர்க்கரை வியாதி, பல இரவுகள் டீதான் குடித்தேன், ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. புகை கிடையாது. 2004 மார்ச்சில் பணியிடங்களில் புகைபிடிப்பதை நாடு முழுக்கத் தடை செய்ததில் உலகத்துக்கே முன்னோடி அவர்கள். மூலை மேசையில் நாலு பேர் பிடில், புல்லாங்குழல், ஆட்டுத்தோல் கட்டிய கைப்பறை என்று ஒலிபெருக்கி இல்லாமல் வாசிக்கிறார்கள். மேடை கிடையாது, டிக்கெட் கிடையாது. வாசித்தவர்களில் ஒருவருக்கு என் வயதைவிடக் கூடுதலாக இருக்கும்.

குடியின் கேட்டை அந்த நாடு அறியாததும் அல்ல. கார்க்கின் பிரதான வீதியில் நிற்கும் பாதிரியார் மேத்யூவின் சிலை யாருக்கு எடுத்தது தெரியுமா? 1838இல் அதே ஊரில் மதுவிலக்கு இயக்கம் தொடங்கி, லட்சக்கணக்கானவர்களைக் குடிக்கமாட்டேன் என்று சத்தியம் செய்யவைத்தவருக்கு. அவர் சிலைக்குக் கூப்பிடு தூரத்தில் பப்புகள் இருக்கின்றன. இரண்டையும் அவர்களால் வைத்துக்கொள்ள முடிகிறது.

கால்வேயிலிருந்து சுமார் 35 கிலோமீட்டரில் டுவாம். லாலி குடும்பத்தின் பூர்வீகம் அதன் பக்கத்தில். பஸ்ஸில் எங்களைத் தவிர எல்லோரும் உள்ளூர்க் கிழவர்கள். அந்நாட்டில் 66 வயதானவர்களுக்குப் பயணம் இலவசம், அட்டையைக் காட்டிவிட்டு ஏறுகிறார்கள். மழைக்கு ஒதுங்கிய பப்பில் ஒரு பெரியவர், எங்கிருந்து என்று கேட்டார். என் ஆங்கிலம் 'வித் ரெஃபரன்ஸ் டு யுவர் லெட்டர்' ரக ஆங்கிலம், அவருடையது எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனாலும் லாலியின் கதையைச் சொன்னேன், முற்றுகையை, துரத்தப்பட்ட ஜனங்களை, தலை போனதை. அவருக்கு இது எதுவும் தெரியாது. முழுவதும் கேட்டுவிட்டுத் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "எங்கள் ஆள் உங்கள் ஊருக்குச் செய்ததற்கு வருந்துகிறேன்" என்றார். இருநூற்று அறுபது வருடம் கழித்து! நாங்கள் வேண்டாம் என்றும் கேட்காமல் இரண்டாவது டீக்கு அவரே பணம் கொடுத்தார்.

கிளம்ப நினைப்பவர்களுக்கு: மேல்படுக்கை கொடுத்தால் வாங்காதீர்கள். பை எட்டு கிலோவைத் தாண்டக் கூடாது, மாத்திரையும் மருந்துச் சீட்டும் கைப்பையில். காப்பீடு எடுத்துக்கொள்ளுங்கள். ஷெங்கன் விசா அயர்லாந்தில் செல்லாது, தனியாக வாங்க வேண்டும். என் தோழன் பிரெஞ்சு பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டு டப்ளின் விமான நிலையத்தில் இரண்டு நிமிடத்தில் வெளியே போய்விட்டான். என்னிடம் அதிகாரி வந்த காரணம் கேட்டார். லாலி என்றேன். "யார் அது, உங்கள் சொந்தக்காரரா?" என்றார்.