காதும் கணக்கும்

காஞ்சிக்குப் பெருமை தருவது பட்டு. அந்தப் பட்டுக்குள் ஒரு கணக்கு உண்டு. தறியின் மேலே தொங்கும் ஜக்கார்டு அட்டைகளைப் பாருங்கள். துளை உள்ள இடத்தில் பாவு இழை எழும்பும். துளை இல்லாத இடத்தில் அடங்கிக் கிடக்கும். சேலையில் மயில் ஆடுவதும் அன்னம் நடப்பதும் அந்தத் துளைகளின் ஆணைப்படியே. ஆனால் துளை தானாக விழுவதில்லை. நெசவின் நுட்பம் அறிந்த ஒருவர் கட்டம் கட்டமாக எண்ணிப் போட்ட துளை அது.

பழைய சிறு கார் எஞ்சினில் கார்புரேட்டரை எடுத்துவிட்டு மின்னணு முறையில் பெட்ரோல் செலுத்துவதைப் பற்றி எண்ணும்போதெல்லாம் எனக்கு அந்த அட்டைதான் நினைவுக்கு வருகிறது.

1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800-இன் எஞ்சின் மூன்று சிலிண்டர், 796 சி.சி. அன்று அதற்குக் கார்புரேட்டர். குறுகிய வழியில் காற்று விரையும்போது அழுத்தம் குறைகிறது; அந்தக் குறைவே பெட்ரோலை இழுக்கிறது. மின்னணு முறையை ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1967-இலேயே ஃபோக்ஸ்வாகன் காரில் பொருத்திவிட்டது. நம் மாவட்டத்து இருங்காட்டுக்கோட்டையிலிருந்து 1998-இல் புறப்பட்ட சான்ட்ரோ இன்ஜெக்டருடனேயே வந்தது. தில்லி தலைநகர்ப் பகுதியில் 2000 ஏப்ரல் முதல் யூரோ 2 விதி வேண்டுமென உச்ச நீதிமன்றம் 1999-இல் ஆணையிட்டது. அதையொட்டி மாருதி 800-க்கும் இன்ஜெக்டர் வந்து சேர்ந்தது.

இங்கே ஒரு பட்டறையில் முதிய மெக்கானிக் ஒருவரைக் கண்டேன். கார்புரேட்டரின் திருகைக் கால் சுற்றுத் திருப்புவார், காதைச் சாய்த்துக் கேட்பார், எஞ்சின் சீராகிவிடும். இன்ஜெக்டர் வண்டி வந்தால் மட்டும் திருப்பி அனுப்பிவிடுவார். "தம்பி, அந்தப் பெட்டிக்குள்ளே என்ன இருக்குதுன்னு எங்களுக்கு யார் சொல்லித் தர்றாங்க?" என்று அவர் கேட்டது இன்னும் என் செவியில் ஒலிக்கிறது.

பெட்டிக்குள் இருப்பது மாயமன்று, ஓர் அட்டவணை. ஒருபுறம் எஞ்சினின் வேகம், மறுபுறம் அதன் சுமை. 16 வரிசை, 16 பத்தி என்றால் 256 கட்டங்கள். நிமிடத்திற்கு 3000 சுற்று ஓடும் எஞ்சினில் ஒரு சிலிண்டரின் முழுச் சுழற்சி 40 மில்லி விநாடியில் முடிந்துவிடும். அதற்குள் இன்ஜெக்டர் எத்தனை மில்லி விநாடி திறக்க வேண்டும் என்பதை அந்தக் கட்டங்களைக் கொண்டே பெட்டி கணக்கிடுகிறது. ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய, எடையில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். புகைக்குழாயில் பொருத்திய ஆக்சிஜன் உணரி, கலவை கொழுத்ததா மெலிந்ததா என்று சொல்லும். அதைப் பார்த்துக் கட்டங்களைத் திருத்த வேண்டும். குளிர்ந்த எஞ்சினுக்குக் கூடுதல் பெட்ரோல், சட்டென்று மிதித்தால் ஒரு துளி மிகுதி என்று தனிக் கணக்குகளும் உண்டு. முதியவரின் காது செய்த வேலை இதுவேயன்றி வேறில்லை!

"கலைக் கல்லூரி மாணவனுக்கு எஞ்சின் எதற்கு?" என்று சிலர் கேட்கக்கூடும். எரிதல் வேதியியல், அழுத்தமும் வெப்பமும் இயற்பியல், அட்டவணை கணிதம். மூன்று துறைகளும் கூடும் பாடம் இதைவிட எளிதாக எங்கே கிடைக்கும்? ஆகவே, கழித்துப்போட்ட பழைய எஞ்சின் ஒன்றை நம் ஆய்வுக்கூடத்தில் தாங்கியில் நிறுத்தி, அதன் அட்டவணையை நாமே நிரப்பிப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. சாலையில் ஓட்டுவதற்காக அன்று, அறிந்துகொள்வதற்காக. அந்த மெக்கானிக்கையும் அழைத்து வந்து அருகில் அமர்த்துவோம். எண்களை நாம் காட்டுவோம். எஞ்சினின் ஓசையை அவர் சொல்லித் தரட்டும்.

கார்கள் செய்யும் மாவட்டத்தில் வாழ்கிறோம். பிறர் நிரப்பிய பெட்டியை வாங்கி மாட்டுவதோடு நம் அறிவு நின்றுவிடலாமா? துளையிடத் தெரிந்தவர் இருக்கும்வரைதான் தறியில் புதிய மயில் பிறக்கும்.