மாட்டு உறைவிந்து ஏற்றுமதிக்கான நோயின்மைத் தகுதிகள்: கோரிக்கை மனு

பொலிகாளை ஒன்றுக்கு நோய் இருந்தால், இயற்கை இணைசேர்க்கையில் அது சுற்றுவட்டாரப் பசுக்களோடு நின்றுவிடலாம். அதே காளையின் விந்து 0.25 மில்லி குச்சிகளில் அடைபட்டு, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் உறைந்துவிட்டால் அந்த நோய்க்கு ஊர் எல்லையும் இல்லை, கால எல்லையும் இல்லை. விந்தணுவை உயிரோடு காக்கும் குளிர்தான் வைரஸையும் காக்கிறது. காளை இறந்து பல ஆண்டுகள் ஆன பின்னும் அதன் குச்சி வேறொரு கண்டத்தில் ஒரு பசுவின் கருப்பைக்குள் போகக்கூடும். ஆகவே நாடுகளுக்கிடையிலான உறைவிந்து வணிகத்தில் தாய்ப்பசுவின் பால் கணக்கைக் கேட்கும் முன்பே நோயின்மைச் சான்றைக் கேட்கிறார்கள். பாரிஸைத் தலைமையிடமாகக் கொண்ட உலக விலங்கு நல அமைப்பின் விதித்தொகுப்பே இதற்குப் பொது அளவுகோல். 1995 முதல் நடப்பில் உள்ள உலக வர்த்தக அமைப்பின் சுகாதார ஒப்பந்தமும் அதையே ஏற்கிறது. அந்த அளவுகோலைத் தாண்டி ஒரு நாடு கடுமை காட்டினால் அதற்கு அறிவியல் காரணம் சொல்ல வேண்டும்.

இந்திய உறைவிந்து நிலையங்கள் இந்தத் தகுதிகளை எட்டுவதற்கு வேண்டியவற்றைக் கோரி, மத்திய அரசின் கால்நடை பராமரிப்பு மற்றும் பால்வளத் துறைக்கும் தமிழ்நாடு கால்நடை பராமரிப்புத் துறைக்கும் கால்நடை வளர்ப்போர் சங்கத்தின் சார்பில் இம்மனு அளிக்கப்படுகிறது. வெளிநாட்டுக்குப் போகும் குச்சிக்கு ஒரு சோதனை, உள்ளூர்ப் பசுவுக்குப் போடும் சினை ஊசிக்கு அதைவிடக் குறைந்த சோதனை என்ற இரட்டை அளவு கூடாது என்பதே இதன் அடிப்படை.

தகுதி காளையின் பிறந்த மந்தையிலேயே தொடங்குகிறது. நிலையத்துக்கு வருமுன் காளை குறைந்தது 28 நாள் தனிமைக் கொட்டகையில் இருக்க வேண்டும். காசநோய், கருச்சிதைவு நோய் எனப்படும் புருசெல்லோசிஸ் ஆகியவற்றுக்கான சோதனைகளோடு, கேம்பைலோபாக்டர், டிரைக்கோமோனாஸ் என்னும் இனச்சேர்க்கைத் தொற்றுகளுக்கும் சோதனை உண்டு. ஆறு மாத வயதைக் கடந்து, பசுக்களோடு கலந்திருக்க வாய்ப்புள்ள காளையானால் குறி உறையிலிருந்து வாரம் ஒருமுறை வீதம் மூன்று முறை மாதிரி எடுக்க வேண்டும். நிலையத்தில் சேர்ந்த பின் இவை ஆண்டுக்கு ஒரு முறையேனும் தொடரும். மத்திய அரசு வகுத்துள்ள குறைந்தபட்சத் தர நெறிமுறையும், இரண்டாண்டுக்கு ஒருமுறை நிலையங்களைப் பார்வையிட்டுத் தரம் பிரிக்கும் மத்தியக் கண்காணிப்புக் குழுவும் இந்தப் பகுதியைப் பெருமளவு கவனித்துக்கொள்கின்றன. இங்கே புதிதாகக் கேட்க வேண்டியது அதிகமில்லை.

இடறல் கோமாரியில் இருக்கிறது. கோமாரி இல்லாத நாடுகள் கோமாரி உள்ள நாட்டின் விந்தைத் தொடவே தயங்கும். ஆயினும் விதித்தொகுப்பு கதவை முழுவதும் அடைக்கவில்லை. விந்து எடுப்பதற்கு முந்தைய 30 நாளில் புதிய விலங்கு எதுவும் நிலையத்துக்குள் வந்திருக்கக் கூடாது. விந்து எடுப்பதற்கு முன் 30 நாளும் பின் 30 நாளும் நிலையத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் கோமாரி தலைகாட்டியிருக்கக் கூடாது. முந்தைய ஒரு மாதத்தில் நிலையத்தின் வேறெந்த விலங்குக்கும் கோமாரித் தடுப்பூசி போட்டிருக்கக் கூடாது. கடந்த 12 மாதத்துக்குள் தடுப்பூசி பெற்ற காளையானால் வைரஸ் சோதனையும் தேவை. எடுத்த விந்து குறைந்தது ஒரு மாதம் நாட்டிலேயே இருப்பில் இருக்க வேண்டும். அதற்குள் மந்தையில் அறிகுறி தென்படாவிட்டால்தான் அனுப்பலாம்.

இந்த நிபந்தனைகளில் 10 கிலோமீட்டர் நிபந்தனை நிலையத்தின் கையில் இல்லை, சுற்றியுள்ள ஊர்களின் கையில் இருக்கிறது. நிலையத்து மதிலுக்குள் எவ்வளவு சுத்தம் பேணினாலும் ஐந்து கிலோமீட்டர் தள்ளி ஒரு பட்டியில் வாயில் நுரை தள்ளும் ஆடு ஒன்று இருந்தால் அந்த மாதத்துச் சேகரிப்பு வீண். தமிழ்நாட்டில் உதகமண்டலம், ஓசூர், ஈச்சங்கோட்டை ஆகிய இடங்களில் அரசு சார்ந்த உறைவிந்து நிலையங்கள் உள்ளன. ஓசூரைச் சுற்றி 10 கிலோமீட்டர் வட்டம் போட்டால் அது கர்நாடகத்துக்குள்ளும் போகும். ஒரு மாநிலத்தின் துறை மட்டும் ஊசி போட்டு அந்த வட்டத்தைக் காக்க முடியாது.

ஆகவே உறைவிந்து நிலையங்கள் ஒவ்வொன்றையும் சுற்றி 10 கிலோமீட்டர் வட்டத்தைத் தனிப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்து, அங்குள்ள மாடு, எருமை, வெள்ளாடு, செம்மறி, பன்றி அனைத்துக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை விடுபடாமல் தடுப்பூசி போட வேண்டும் என்று சங்கம் கோருகிறது. 2019இல் மதுராவில் தொடங்கப்பட்ட தேசிய கால்நடை நோய்த் தடுப்புத் திட்டத்தின் கீழேயே இதைச் செய்யலாம். நிலையத்து விலங்குகளுக்கான ஊசி நாட்களையும் விந்து சேகரிப்பு நாட்களையும் ஒரே அட்டவணையில் அமைக்க வேண்டும். வட்டத்துக்குள் நோயை உடனே தெரிவிக்கும் வளர்ப்போருக்கு இழப்பீடு உறுதி செய்யப்பட வேண்டும். சந்தைக்குப் போகத் தடை வருமோ என்ற அச்சத்தில் மறைக்கப்படும் நோயே நிலையத்துக்குப் பெரிய ஆபத்து.

நாடு முழுவதும் கோமாரி ஒழியும் வரை காத்திருக்கத் தேவையில்லை. நாட்டில் நோய் இருந்தாலும், தனித்துப் பாதுகாக்கப்படும் பண்ணைகளை மட்டும் நோயற்றவையாக ஏற்கும் தனிக்கூறு என்ற ஏற்பாட்டை விதித்தொகுப்பு அனுமதிக்கிறது. 2023இல் இந்தியாவின் 26 கோழிப் பண்ணைக் கூறுகள் பறவைக் காய்ச்சல் அற்றவை என்ற அறிவிப்பை உலக விலங்கு நல அமைப்பு ஏற்றது. மீரட்டில் குதிரைகளுக்கான நோயற்ற கூறு 2025இல் ஏற்கப்பட்டது. கோழிக்கும் குதிரைக்கும் முடிந்தது பொலிகாளைக்கும் முயலத்தக்கதே. முதற்கட்டமாகத் தெற்கில் ஒரு நிலையத்தையேனும் இதற்குத் தயார்செய்யும் வேலைத்திட்டமும் காலக்கெடுவும் வெளியிடப்பட வேண்டும்.

அடுத்தவை விந்துக்குள் ஒளியும் வைரஸ்கள். மாட்டு வயிற்றுப்போக்கு வைரஸ் தாயின் வயிற்றிலேயே கன்றைத் தொற்றினால், அந்தக் கன்று வளர்ந்து வாழ்நாள் முழுதும் வைரஸைக் கொட்டிக்கொண்டிருக்கும். பார்வைக்கு நல்ல காளையாகவே இருக்கவும் கூடும். அதைவிட அரிதான, அதைவிட ஆபத்தான நிலையும் உண்டு: இரத்தத்தில் வைரஸ் இல்லை, எதிர்ப்பொருள் உண்டு, ஆனால் விரைக்குள் வைரஸ் தங்கியிருக்கும். இரத்தச் சோதனையை மட்டும் நம்பினால் இந்தக் காளை தேறிவிடும். எனவேதான் எதிர்ப்பொருள் உள்ள காளையின் முதல் குச்சி வெளியே போகும் முன் விந்தையே சோதிக்க விதி சொல்கிறது.

ஐ.பி.ஆர். எனப்படும் மூக்கு-மூச்சுக்குழல் அழற்சியின் வைரஸ் ஒருமுறை புகுந்தால் நரம்பணுக்களில் உறங்கி, பயணத்திலோ நோயிலோ காளை தளரும்போது விழித்துக்கொள்ளும். எதிர்ப்பொருள் உள்ள காளைகளை எல்லாம் கழித்துவிட்டால் இந்திய நிலையங்களில் நல்ல காளைகள் பல போய்விடும்; சிறிய எண்ணிக்கையில் உள்ள நாட்டினங்களுக்கு அந்த இழப்பு தாங்காது. இங்கும் விதித்தொகுப்பு ஒரு வழி வைத்திருக்கிறது. ஒவ்வொரு சேகரிப்பிலிருந்தும் ஒரு பங்கை எடுத்து பி.சி.ஆர். சோதனையில் வைரஸ் இல்லை என்று கண்டால் அந்தச் சேகரிப்பை அனுப்பலாம். 2019இல் ஒடிசாவில் முதலில் தென்பட்டு 2022இல் குஜராத்திலும் ராஜஸ்தானிலும் மாடுகளைக் கொத்துக் கொத்தாகக் கொன்ற தோல் கழலை நோயின் வைரஸும், கட்டிகள் ஆறிய பின்னும் விந்தில் வெளிப்படும். அதுவும் இதே சோதனை வரிசையில் சேர வேண்டும்.

இதற்கெல்லாம் ஆய்வகம் வேண்டும். வெளிநாடுகள் ஏற்கும் தர அங்கீகாரம் பெற்ற விந்துச் சோதனைப் பிரிவு ஒன்று தமிழ்நாட்டில் அமைக்கப்பட வேண்டும் என்றும், உள்ளூர் வினியோகத்துக்கான சேகரிப்புகளும் அங்கே அதே முறையில் கட்டணமின்றிச் சோதிக்கப்பட வேண்டும் என்றும் சங்கம் கோருகிறது. சினை பிடிக்காமல் மூன்று, நான்கு முறை ஊசி போட்டு ஓய்ந்துபோகும் சிறு விவசாயிக்குத் தன் பசுவின் குறையா, குச்சியின் குறையா என்று அறிய இன்று வழியில்லை.

விந்தை நீர்க்கச் செய்யும் நீர்ப்பொருளில் சேர்க்கும் ஜென்டமைசின், டைலோசின், லின்கோமைசின், ஸ்பெக்டினோமைசின் கூட்டு சில பாக்டீரியாக்களை அடக்கும். வைரஸை ஒன்றும் செய்யாது. நீர்ப்பொருளில் முட்டை மஞ்சளோ பாலோ சேர்ந்தால் அவற்றின் மூலமும் நோயற்றதாக இருக்க வேண்டும். திரவ நைட்ரஜன் வழியே ஒரு குச்சியின் கிருமி இன்னொன்றுக்குத் தாவக்கூடும் என்பதால், ஏற்றுமதிக் கலன் கிருமிநீக்கம் செய்யப்பட்டு, புதிய நைட்ரஜன் நிரப்பப்பட வேண்டும். ஏற்றுமதிக் குச்சிகளுக்கெனத் தனிக் கலன்களும் தனி இருப்பறையும் அமைக்க நிதி ஒதுக்க வேண்டும்.

கடைசிப் படி சான்றிதழ். குச்சியின் மேல் அச்சிட்ட காளை எண், இனம், சேகரித்த நாள், நிலையக் குறியீடு ஆகியவை ஏட்டோடு பொருந்துவதைக் கண்ணால் பார்த்த பிறகே அரசுக் கால்நடை மருத்துவர் கலனுக்கு முத்திரை வைத்துக் கையெழுத்திட வேண்டும். சென்னை பள்ளிக்கரணையில் உள்ள கால்நடைத் தொற்றுத்தடுப்பு மற்றும் சான்றளிப்பு நிலையத்தில் உறைவிந்துக்கெனப் பயிற்சி பெற்ற அலுவலர்கள் அமர்த்தப்பட வேண்டும். வாங்கும் நாடுகளோடு சான்றிதழ் வாசகங்களை முன்கூட்டியே பேசி முடித்து, ஒப்புக்கொண்ட படிவங்களைத் துறையின் தளத்தில் வெளியிட வேண்டும். காளைவாரியான சோதனை முடிவுகளும் கண்காணிப்புக் குழுவின் தர அறிக்கைகளும் தமிழில் கால்நடை மருந்தகங்களில் ஒட்டப்பட வேண்டும். சினை ஊசி போட வருபவர் குச்சியின் எண்ணைச் சொன்னதும் வளர்ப்போர் அதைச் சரிபார்த்துக்கொள்ளும் ஏற்பாடு, முதல் ஏற்றுமதிக் கலன் புறப்படுவதற்கு முன்பே நடைமுறைக்கு வர வேண்டும்.