எரிவதைப் பிடுங்கினால்...

வண்டிக்கு இன்ஜின் மாற்றுவது திருச்சிப் பக்கம் ஒன்றும் புதிய சமாச்சாரம் இல்லை. பாடி நன்றாக இருக்கும், இன்ஜின் மட்டும் புகை தள்ளும். போரிங், பிஸ்டன், கிராங்க் கிரைண்டிங் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால், சென்னை புதுப்பேட்டையில் கழற்றி விற்கும் ஒரு பழைய இன்ஜினை வாங்கி இறக்கிவிடலாமே என்று தோன்றும். ஸ்ரீரங்கத்தில் வேன் வைத்து சமயபுரத்துக்கும் திருவானைக்காவலுக்கும் ஆள் ஏற்றிப் பிழைக்கும் ஒருவருக்கு இது ஆசையில் எடுக்கும் முடிவு இல்லை. மார்கழியில் வைகுண்ட ஏகாதசி வருகிறது, அதற்குள் வண்டி ஓடியாக வேண்டும். அவ்வளவுதான்.

இன்ஜின் இறங்குகிறது, ஏறுகிறது. செல்ஃப் அடித்தவுடன் கிளம்பியும் விடுகிறது. பட்டறையே சந்தோஷப்படும் நேரத்தில் மீட்டர் போர்டில் ஒரு சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருக்கும்.

"அண்ணே, லைட்டு எரியுதே?"

"அது சென்சார் கோளாறு தம்பி, ஒண்ணும் பண்ணாது. வேணும்னா பல்பைக் கழட்டி விட்ரட்டுமா?"

இந்த உரையாடல் நடக்காத பட்டறை தமிழ்நாட்டில் இருக்கிறதா என்பதே சந்தேகம்! பல்பைக் கழற்றுவது, வயரை வெட்டுவது, மீட்டர் மேல் கறுப்பு டேப் ஒட்டுவது என்று இதில் பல வகை உண்டு. எரிவதைப் பிடுங்கினால் கொதிப்பது அடங்கும் என்று பெரியவர்கள் சொன்னது அடுப்பில் இருக்கும் விறகைப் பற்றி. இங்கே பிடுங்கப்படுவது விறகு இல்லையே. உலை உள்ளே கொதித்துக்கொண்டுதான் இருக்கிறது.

அந்த விளக்கு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் இதிலுள்ள ஆபத்து புரியும். ஆயில் விளக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்ஜினின் ஆயில் பாதையில் ஒரு சின்ன சுவிட்ச் திருகப்பட்டிருக்கும். அழுத்தம் இல்லாதபோது அது வயரை எர்த்தோடு சேர்த்து வைக்கும், விளக்கு எரியும். பம்பு சுற்றி அழுத்தம் ஏறியதும் தொடர்பு விட்டுப்போகும், விளக்கு அணையும். சாவி போட்டதும் எரிந்து, இன்ஜின் கிளம்பியதும் அணைய வேண்டும் என்பது இதனால்தான். கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. இந்த சுவிட்ச் பெரும்பாலும் அரை பார் அளவுக்கும் கீழே அழுத்தம் விழுந்தால்தான் வாயைத் திறக்கும். அதாவது "ஆயில் குறைந்து வருகிறது" என்று அது முன்கூட்டிச் சொல்வதில்லை. "ஏறக்குறைய ஒன்றும் இல்லை" என்று கடைசி நேரத்தில்தான் சொல்கிறது. அந்தக் கடைசிக் குரலையும் டேப் ஒட்டி மூடினால், அடுத்து பேசப்போவது கனெக்டிங் ராட் பேரிங்தான். அது பேசும்போது கொள்ளிடம் பாலத்தின் நடுவில் வண்டி நிற்கும்.

சரி, எரிகிற விளக்கு எல்லாமே ஆபத்தா என்றால் அதுவும் இல்லை. இன்ஜின் மாற்றிய வண்டியில் பாதி நேரம் விளக்கு பொய் சொல்லும். அந்த இன்ஜினின் சுவிட்ச் வேறு, இந்த வண்டியின் வயரிங் வேறு. முள் காட்டும் மீட்டருக்கான சென்டரை விளக்குக்கான வயரில் மாட்டியிருப்பார்கள். இன்ஜினை ஏற்றும்போது வயர் நசுங்கி பாடியில் உரசியிருக்கும். சொல்வது பொய்யா நிஜமா என்று கண்டுபிடிக்காமல் "சென்சார் கோளாறு" என்று தீர்ப்பு எழுதுவதுதான் தப்பு.

கண்டுபிடிப்பது பெரிய வித்தையும் இல்லை. சாவியைப் போட்டு, இன்ஜினைக் கிளப்பாமல், ஆயில் சுவிட்சில் இருக்கும் வயரை மட்டும் கழற்றிப் பார்க்க வேண்டும். விளக்கு அப்போதும் எரிந்தால் வயர் எங்கோ பாடியில் ஷார்ட் ஆகியிருக்கிறது. இன்ஜின் மேல் பழி இல்லை. அணைந்துவிட்டால் வயர் சுத்தம். சுவிட்ச் கெட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் அழுத்தமே இல்லை. இந்த இரண்டையும் பிரிக்க சுவிட்சைக் கழற்றி அந்தத் துளையில் ஒரு பிரஷர் கேஜ் மாட்டி ஓட்டிப் பார்த்தால் போதும். பத்து நிமிட வேலை. மாதக்கணக்கில் சும்மா கிடந்த இன்ஜின் என்றால் ஆயில் பம்பு காய்ந்து போயிருக்கும். அப்படிப்பட்ட இன்ஜினை எடுத்தவுடன் கிளப்பவே கூடாது. பெட்ரோல் வண்டியானால் பிளக்கைக் கழற்றி, டீசலானால் டீசலை நிறுத்தி வைத்து, விளக்கு அணையும் வரை செல்ஃபில் மட்டும் விட்டு விட்டுச் சுற்ற வேண்டும்.

சார்ஜ் விளக்கின் கதை இன்னும் வேடிக்கை. ஆல்டர்னேட்டரை இன்னமும் "டைனமோ" என்றே அழைக்கும் ஊர் இது. பழைய அம்பாசடர்களில் டைனமோதான் இருந்தது என்பதால் பேர் ஒட்டிக்கொண்டது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. பல ஆல்டர்னேட்டர்களில் அந்தச் சின்ன பல்பு வழியாகப் போகும் கரண்ட்தான் உள்ளே முதல் காந்தத்தை எழுப்புகிறது. எரிச்சலாக இருக்கிறது என்று பல்பைப் பிடுங்கினால் நல்ல ஆல்டர்னேட்டரும் சார்ஜ் செய்யாமல் படுத்துவிடலாம். பல்புக்குப் பதில் எல்.இ.டி. போட்டாலும் சில வண்டிகளில் இதே கதிதான். அப்புறம் பேட்டரியை மாற்று, டைனமோவை மாற்று என்று பணம் போய்க்கொண்டே இருக்கும். குற்றவாளி பட்டறைக் குப்பையில் கிடக்கும் சின்ன பல்பு!

எர்த் பட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இன்ஜினுக்கும் சேஸிஸுக்கும் நடுவே பின்னல் கம்பியில் ஒரு பட்டை இருக்கும். இன்ஜினை இறக்கும்போது கழற்றுவார்கள், ஏற்றும்போது மறப்பார்கள். செல்ஃப் திணறும், விளக்குகள் சம்பந்தமில்லாமல் மங்கும், எரியும். செல்ஃபுக்கான அத்தனை கரண்டும் திரும்பிப் போக வழியில்லாமல் கிளட்ச் கேபிள், ஆக்ஸிலேட்டர் கேபிள் வழியாகப் போய் அவை சூடாகும், சில நேரம் புகையும். இன்ஜின் மாற்றிய மறுநாளே கேபிள் புகைந்தால் கேபிளைத் திட்டிப் பயனில்லை.

கம்ப்யூட்டர் உள்ள வண்டிகளுக்கு வருவோம். இந்தியாவில் கார்களுக்கு 2010 ஏப்ரலில் தொடங்கி, 2013-ல் இரண்டாம் கட்டமாக, ஓ.பி.டி. என்னும் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் அமைப்பு கட்டாயமானது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்தபோது இரு சக்கர வண்டிகளுக்கும் இது வந்தது. ஆகவே மஞ்சள் நிறத்தில் இன்ஜின் படம் போட்ட விளக்கு இன்று ஸ்கூட்டரிலும் இருக்கிறது. சில வண்டிகளில் அது மினுக்குவதை எண்ணியே கோளாறைப் படிக்கலாம். நீண்ட மினுக்கு பத்து, குறு மினுக்கு ஒன்று. இங்கே இன்ஜினை மட்டும் மாற்றி, பழைய இ.சி.யூ.வை வைத்திருந்தால் அது பழைய இன்ஜினில் இருந்த சென்சாரைத் தேடிக்கொண்டே இருக்கும். ஒரே மாடல், ஒரே பெயர் என்றாலும் பி.எஸ். 3 இன்ஜினும் பி.எஸ். 4 இன்ஜினும் ஒரே மாதிரி வயர் கேட்காது. வாங்கும்போதே வயரிங்கையும் இ.சி.யூ.வையும் சேர்த்துக் கேட்காதவர் பிறகு விளக்கோடு குடும்பம் நடத்த வேண்டியதுதான்.

ஸ்கேனர் போட்டால் எல்லாம் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கையும் அளவோடு இருக்கட்டும். பி 0118 என்று ஒரு கோடு வரும். தண்ணீர் சூடு பார்க்கும் சென்சாரின் சுற்றில் வோல்டேஜ் அதிகம் என்பது அதன் பொருள். உடனே புது சென்சார் வாங்கிப் போடுவார்கள். இன்ஜின் மாற்றிய வண்டியில் பெரும்பாலும் அந்த பிளக்கை மாட்டவே மறந்திருப்பார்கள். கோடு தெருவைத்தான் காட்டும். வீட்டைத் தேடிப் போய்க் கதவைத் தட்ட வேண்டியது மனிதன்தான். கோடை அழித்துவிட்டு "சரியாகிடுச்சு" என்று வண்டியைக் கொடுப்பது டேப் ஒட்டுவதன் நவீன வடிவம். நாலு முறை ஓட்டினால் விளக்கு திரும்ப வந்து நிற்கும்.

இத்தனையும் தெரிந்த மெக்கானிக்குகள் திருச்சியில் இல்லையா? நிறையப் பேர் இருக்கிறார்கள். திருவெறும்பூர் அரசு ஐ.டி.ஐ. இருக்கும் ஊர் இது. 1928-ல் நாகப்பட்டினத்திலிருந்து இடம் மாறி வந்த பொன்மலை ரயில்வே பணிமனை இருக்கும் ஊர். அங்கே பழுது பார்க்கப்பட்ட ஆல்கோ வகை டீசல் ரயில் இன்ஜின்களில் ஆயில் அழுத்தம் குறைந்தால் விளக்கு எரிவதோடு விடாது, இன்ஜினே தானாக நின்றுவிடும். தண்ணீர் கொதித்தால் மணியும் அடிக்கும். டேப் ஒட்டும் பேச்சுக்கே இடமில்லை. அறிவு ஒரே ஊரில்தான் இருக்கிறது. பிறகு தெருவோரப் பட்டறையில் மட்டும் ஏன் பல்பு பிடுங்கப்படுகிறது?

காரணம் கூலி. நம் ஊர் ஆட்களுக்கு சாமானுக்குப் பணம் கொடுக்க மனம் வரும். இன்ஜினை இறக்கி ஏற்றிய உழைப்புக்கும் பேரம் பேசியாவது கொடுப்பார்கள். அரை நாள் டெஸ்ட் லாம்பும் கையுமாக வண்டிக்கு அடியில் படுத்து, கடைசியில் நசுங்கிய ஒரு வயரைக் கண்டுபிடித்து டேப் சுற்றியவருக்கு? "ஒரு டேப்பு சுத்துனதுக்கா இவ்வளவு?" என்று கேட்பார்கள். அதே ஆள் ஷோரூமில் ஸ்கேன் செய்ததற்கு மட்டும் பில்லில் போட்ட தொகையை வாய் திறக்காமல் கட்டிவிட்டு வருவார். தேடுவதற்குக் கூலி கிடையாது என்றால் தேடாமல் இருப்பதுதான் மெக்கானிக்குக்கு லாபம். பல்பைப் பிடுங்க ஒரு நிமிடம். வாடிக்கையாளரும் கைகுலுக்கிவிட்டுப் போகிறார். பட்டறைக்காரரை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை.

கம்பெனிகளின் பங்கும் இதில் உண்டு. வயரிங் படம், சோதனைக் கருவி, உதிரி பாகம் எல்லாம் தங்கள் ஷோரூமுக்கு மட்டும் என்று பூட்டி வைத்ததற்காக 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. விவகாரம் மேல்முறையீடுகளுக்குப் போனது. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் துறை பழுது பார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளமும் தொடங்கி, வாகனத் துறையையும் அதில் சேர்த்தது. நல்லதுதான். பட்டறைக்காரருக்குப் புரியும் தமிழில் ஒரு வயரிங் படம் கையில் கிடைப்பது எப்போது என்பதுதான் கேள்வி.

இடையில் சட்டத்தையும் ஒரு வார்த்தை. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி இன்ஜின் மாற்ற ஒப்புதல் வேண்டும், மாற்றியதை 14 நாளுக்குள் தெரிவித்து ஆர்.சி.யில் பதிய வேண்டும். வண்டி டி.என். 45 ஆனாலும் ஸ்ரீரங்கத்து டி.என். 48 ஆனாலும் இதே விதிதான். புது இன்ஜின் நம்பர் ஆர்.சி.யில் ஏறாத வண்டி விபத்தில் சிக்கினால் இன்சூரன்ஸ்காரர் கேட்கும் கேள்விக்குப் பதில் இருக்காது.

ஒரே விளக்கு எல்லா வண்டியிலும் ஒரே அர்த்தம் சொல்வதில்லை என்பதும் இன்ஜின் மாற்றுபவர்கள் மறக்கும் விஷயம். கனடாவில் பனி மேல் ஓட்டும் டூ ஸ்ட்ரோக் ஸ்னோமொபைலில் ஆயில் விளக்கு எரிந்தால் ஆயில் டாங்கி காலியாகிறது என்று பொருள். அழுத்தத்தோடு அதற்குச் சம்பந்தமே இல்லை. அதில் ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினை ஏற்றினால் அதே விளக்குக்கு வேறு பாஷை கற்றுத்தர வேண்டும். நம் வேனிலும் கதை இதுதான்.

ஆகவே இன்ஜின் மாற்றக் கொடுப்பவர் ரேட் பேசும்போதே "விளக்கு சரியாக எரிந்து அணைவது வரை" என்று சேர்த்துப் பேசட்டும், அதற்கான சோதனைக் கூலியைத் தனியாகக் கொடுக்கவும் தயாராக இருக்கட்டும். வண்டி எடுக்கும் நாளில் சாவியை மட்டும் போட்டுப் பார்க்க வேண்டும். ஆயில், சார்ஜ், இன்ஜின் என்று மூன்றும் எரிய வேண்டும். எரியாத விளக்கு இருந்தால், "இதோட பல்பு எங்கண்ணே?" என்று முதலில் கேட்க வேண்டும். கிளப்பியதும் மூன்றும் அணைய வேண்டும். பிறகு சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து காவிரிப் பாலம் தாண்டி அம்மா மண்டபம் வரை மாலை நேர நெரிசலில் ஒரு நடை ஓட்டி, இன்ஜின் நன்றாகச் சூடானபின் ஐடிலில் நிறுத்தி மறுபடி மீட்டரைப் பார்க்க வேண்டும். ஆயில் விளக்கு லேசாக மினுக்கினாலும் வண்டி அன்று இரவு பட்டறையிலேயே கிடக்கட்டும்.