பாலம் அமைத்தவனுக்குப் பாதை எங்கே?

தம்பி,

2024-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 30-ஆம் நாள் வயநாட்டு மலை சரிந்தது. ஊர் புதைந்தது. ஆற்றைக் கடக்க இருந்த பாலமும் அடித்துச் செல்லப்பட்டது. அக்கரையிலே அலறல், இக்கரையிலே ஓடிச்சென்று தூக்கிவிட வழியின்றித் தவிப்பு. அந்த நேரத்தில் பெங்களூரிலிருந்து சூரல்மலைக்கு ஒரு படை வந்து சேர்ந்தது. கொட்டும் மழையில், குமுறி ஓடும் வெள்ளத்தின்மீது, இரும்புச் சட்டங்களைத் தோளிலே சுமந்து, ஒன்றோடொன்று பூட்டி, ஆகஸ்டு முதல் நாள் மாலைக்குள் 190 அடி நீளத்தில், 24 டன் சுமை தாங்கும் பெய்லி பாலத்தை நிறுத்திக் காட்டிற்று! மண்ணள்ளும் எந்திரம் அதன்மீது சென்றது, மருந்து சென்றது, மனிதர் மீண்டனர்.

அந்தப் படைதான் மதராஸ் சாப்பர்ஸ்; 1780-ஆம் ஆண்டு இரண்டே கம்பெனிகளோடு தோன்றிய சென்னைப் பொறியாளர் படை. அந்தப் படையின் வீரனை இந்திய இராணுவம் செல்லமாக அழைக்கும் பெயர் என்ன தெரியுமா? "தம்பி"! ஆமாம், உன்னை நான் அழைக்கின்றேனே, அதே பெயர்! 1944-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள், இத்தாலி நாட்டு மிக்னானோ அருகே கண்ணிவெடி அகற்றும் பணியில், தோழர்கள் பிழைக்கவேண்டுமென்று வெடியின்மீதே வீழ்ந்து உயிர்நீத்த சுபேதார் சுப்பிரமணியன் இந்தப் படையைச் சேர்ந்தவர்தாம். ஜார்ஜ் சிலுவை பெற்ற முதல் இந்தியர் அவர்.

களத்திலே விழுந்தவனுக்குக் கல்லெழுப்புகிறோம், கண்ணீர் சொரிகிறோம், பொருத்தம், மறுக்கவில்லை. ஆனால், விழாமல் வீடு திரும்புகிறானே, அவனுக்கு நாம் என்ன வைத்திருக்கிறோம்? இன்று உன்னிடம் நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இதுவே.

பதினெட்டு, பத்தொன்பது வயதில் படையிலே சேருகிறான். சிப்பாயின் ஓய்வூதியத்துக்குக் குறைந்தது 15 ஆண்டு பணி வேண்டும். அதை முடித்து, மேலும் சில ஆண்டு இருந்து, முப்பத்தைந்துக்கும் நாற்பத்தைந்துக்கும் இடையிலே ஊர் திரும்புகிறான். மற்றவர் வாழ்விலே நண்பகல் அது. அவனுக்கு மட்டும் மாலை என்று எழுதிவிடுகிறது ஏடு! பிள்ளை பள்ளியிலே, பெண் வளர்ந்துகொண்டு, கூரை பாதி முடிந்து. ஓய்வா கேட்கும் அந்த உடல்? வேலை கேட்கும்.

நாடகம் எழுதுவோன் அல்லவா நான்? ஒரு காட்சியைக் கற்பனை செய்து காட்டுகிறேன், பார்.

தொழிற்கூட அலுவலகம். மேசைக்கு அப்பால் அதிகாரி. இப்பால், நிமிர்ந்த முதுகோடு முன்னாள் படைவீரர் ஒருவர், வயது முப்பத்தெட்டு.

"என்ன படித்திருக்கிறீர்?"

"பத்தாம் வகுப்பு, ஐயா. பிறகு பதினெட்டு ஆண்டு பொறியாளர் படையிலே."

"அங்கே என்ன வேலை?"

"பாலம் அமைப்பது, மலைப்பாதை வெட்டுவது, புல்டோசர் ஓட்டுவது, நின்றுவிட்டால் பிரித்துப் பழுது பார்ப்பது, கண்ணிவெடி எடுப்பது."

"டிப்ளமா உண்டா?"

"இல்லை ஐயா. டிஸ்சார்ஜ் புத்தகம் இருக்கிறது."

அதிகாரி புரட்டுகிறார். உதட்டைப் பிதுக்குகிறார். "இதற்கெல்லாம் எங்கள் அட்டவணையிலே இடமே இல்லையே... பரவாயில்லை. இரவுக் காவலுக்கு ஓர் ஆள் வேண்டும். பட்டாளத்துக்காரர் என்றால் முதலாளிக்குப் பிடிக்கும். மீசை நன்றாக இருக்கிறது!"

திரை!

காவல் பணி இழிவானதன்று, தம்பி. வியர்வை சிந்தும் எந்த வேலையும் இழிவன்று. ஆனால் அறுவை மருத்துவனை அழைத்துக் கத்தி தீட்டச் சொன்னால், கத்தி தீட்டுவது இழிவென்றா வருந்துவோம்? நோயாளி சாகிறானே என்றல்லவா வருந்துவோம்! பாலம் போடத் தெரிந்தவனைக் கதவருகே நிற்கவைத்துவிட்டு, பாலம் போட ஆளில்லை என்று விளம்பரம் செய்யும் நாட்டை எந்தக் கணக்கிலே சேர்ப்பது?

'சிவில் எஞ்சினியர்' என்கிறோமே, அந்தச் சொல்லின் பிறப்பைக் கேள். பொறியாளன் என்றாலே போர்க்களத்துக்குரியவன், கோட்டையும் கொத்தளமும் கட்டுவோன் என்றிருந்த காலம் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்திலே, கலங்கரை விளக்கமும் கால்வாயும் கட்டிய ஜான் ஸ்மீட்டன், நான் படையைச் சேர்ந்தவனல்லன் என்பதை விளக்கத் தன்னை 'சிவில்' பொறியாளன் என்று சொல்லிக்கொண்டார். படையிலிருந்து பிரிந்து வந்த கிளை அது. அந்தக் கிளை இன்று, அடிமரத்திலிருந்து வருபவனைப் பார்த்து, "நீ யார்?" என்று கேட்கிறது!

எல்லோரையும் அப்படிக் கேட்டதா? அங்கேதான் இருக்கிறது சூட்சுமம். ஆர்தர் காட்டன், சென்னைப் பொறியாளர் படையின் அதிகாரி. 1836-ஆம் ஆண்டு கொள்ளிடத்திலே மேலணை கட்டும் பணியை மேற்கொண்டார். 1847 முதல் 1852 வரை கோதாவரியிலே தவளேசுவரம் அணையை எழுப்பினார். கர்னல் பென்னிகுயிக், அவரும் படைப் பொறியாளர். 1887-இல் தொடங்கி 1895-இல் முல்லைப் பெரியாறு அணையை முடித்தார். தேனி மாவட்டத்து உழவர் இன்றும் அவரை வணங்குகின்றனர்; நன்றி மறவாத நெஞ்சம் வாழ்க! தோளிலே பட்டை அணிந்த அந்த அதிகாரிகளுக்குப் பாசறையிலிருந்து பொதுப்பணித் துறைக்குச் செல்ல அரசபாட்டை இருந்தது.

ஆனால் தம்பி, அதே பெரியாற்றுக் காட்டிலே மதராஸ் பயனியர் படையின் 1-ஆம், 4-ஆம் பட்டாளத்துச் சிப்பாய்களும் பாடுபட்டனரே, அவர்கள் பெயர் எங்கே? கல் சுமந்தவன், கரை கட்டியவன், காய்ச்சலிலே கிடந்தவன். அணை கட்டும் கலையைக் கையாலே கற்றவன். கர்னல் பொறியாளரானார், சிப்பாய் சிப்பாயாகவே ஊர் திரும்பினான். அறிவு ஒருவனுடைய தலையிலே இருந்தால் கலை. மற்றொருவனுடைய கையிலே இருந்தால் கூலி! இந்தப் பாகுபாட்டை வெள்ளையன் கப்பலேறியபோது உடன் அனுப்பிவிட்டோமா? இல்லை, பத்திரப்படுத்தி வைத்திருக்கிறோம்.

செய்ய முடியாத காரியமா இது? அமெரிக்க நாட்டைப் பார். முதல் உலகப் போரிலே போராடித் திரும்பியோர், வாக்களித்த ஊக்கத்தொகையை உடனே தரும்படி 1932-இல் வாஷிங்டன் நகரிலே கூடாரமிட்டுக் கேட்டனர். என்ன கிடைத்தது? சூலை 28-ஆம் நாள் தளபதி மக்கார்தர் தலைமையிலே படை வந்தது, டாங்கிகள் வந்தன, கண்ணீர்ப்புகை வந்தது, குடிசைகள் எரிந்தன. நாட்டுக்காகப் போரிட்டோரை நாட்டின் படையே விரட்டிற்று! அந்த வெட்கம் அவர்களை வாட்டியது. ஆகவே, இரண்டாம் உலகப் போர் முடியுமுன்பே, நார்மண்டிக் கரையிலே படை இறங்கிய பதினாறாம் நாள், 1944 சூன் 22-இல், குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் ஒரு சட்டத்திலே கையொப்பமிட்டார். 'ஜி.ஐ. பில்' என்று உலகம் அழைக்கும் சட்டம். திரும்பும் வீரனுக்குக் கல்லூரிக் கட்டணம் ஆண்டுக்கு 500 டாலர் வரை அரசு கட்டும்; படிக்கும் காலத்திலே வீட்டிலே அடுப்பெரிய மாதப்படியும் தரும்.

விளைவு? சுமார் 78 இலட்சம் பேர் கல்வியோ பயிற்சியோ பெற்றனர். அவருள் 22 இலட்சம் பேர் கல்லூரி வாயிலை மிதித்தனர். பொறியாளர் மட்டும் ஏறத்தாழ 4,50,000 பேர் உருவாயினர் என்று கணக்கிடுகின்றனர். நேற்றுவரை டாங்கியின் அடியிலே கிடந்து எண்ணெய் துடைத்தவன், நாளை எந்திரத்துக்கு வரைபடம் தீட்டினான். அது பிச்சையல்ல, தம்பி. நாடு தனக்குத்தானே போட்டுக்கொண்ட உரம்!

ஆனால், உரம் எல்லா வயலுக்கும் போய்ச் சேர்ந்ததா? அதையும் சொன்னால்தான் பாடம் முழுமையாகும். சட்டத்தின் எழுத்திலே நிறம் இல்லை. அதை நிறைவேற்றிய கைகளிலே நிறம் இருந்தது. தென் மாநிலக் கல்லூரிகளும் வங்கிகளும் கறுப்பின வீரனுக்குக் கதவடைத்தன. மிசிசிப்பி மாநிலத்தில் 1947-இல் அச்சட்டத்தின்படி உறுதியளிக்கப்பட்ட கடன்கள் 3,229. அவற்றிலே கறுப்பினத்தவர் பெற்றவை இரண்டே இரண்டு! சட்டம் இயற்றுவது பாதி வேலை. வாயிலிலே யாரை நிறுத்துகிறோம் என்பது மறுபாதி. இதை மறவாதே.

இனி நம் வீட்டுக்கு வருவோம். இங்கே சலுகையே இல்லையா என்பார்கள். உண்டு, உண்டு! மத்திய அரசின் 'சி' பிரிவுப் பணிகளிலே 10 விழுக்காடு. 'டி' பிரிவு என்றிருந்த கடைநிலைப் பணிகளிலே 20 விழுக்காடு. கவனித்தாயா? படியிலே கீழிறங்க இறங்க ஒதுக்கீடு ஏறுகிறது! பொறியாளன் அமரும் நாற்காலிக்கு அருகே சென்றால், ஒதுக்கீட்டுப் பலகையையே காணோம்.

இன்னொரு விதி கேள். சிரிப்பும் வரும், சினமும் வரும். பத்தாம் வகுப்புத் தேறிப் 15 ஆண்டு படையிலே பணியாற்றியவனை, பட்டதாரிக்குரிய 'சி' பிரிவு வேலைக்குத் தகுதியானவனாகக் கொள்ளலாம் என்கிறது மறுவேலை விதி. நல்லதுதானே என்று கைதட்டப் போகிறாய், பொறு! தொழில்நுட்ப அனுபவம் கட்டாயமாகத் தேவைப்படாத வேலையாக இருக்கவேண்டும் என்று அடுத்த வரியிலே தாழ்ப்பாள் போடுகிறது! எதை அவன் பதினைந்து ஆண்டு பயின்றானோ, அதற்கு மட்டும் அவன் பட்டதாரி அல்லன். கோப்பு கட்டலாம்; பாலம் கட்டலாகாது!

பாசறையிலே விளக்கேற்றிப் படித்து முன்னேற ஒரு படிக்கட்டு இருந்தது. 1920-இல் தோன்றிய இந்தியப் பொறியாளர் நிறுவனம் நடத்திய ஏ.எம்.ஐ.இ. தேர்வு. கல்லூரிக்குச் செல்ல இயலாத தொழிலாளியும் படைவீரனும் 'அ' பகுதி, 'ஆ' பகுதி என்று தாள் தாளாக எழுதித் தேறினால், அது பொறியியல் பட்டத்துக்கு நிகரென்று அரசு ஏற்றுவந்தது. 2013 மே 31-க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு அந்த ஏற்பு இல்லை என்றாகிவிட்டது. படி பழுதென்றால் செப்பனிடலாம். தரம் குறைவென்றால் தேர்வைக் கடுமையாக்கலாம். ஏணியையே எடுத்துவிட்டு, "ஏறி வா" என்று மாடியிலிருந்து கூப்பிடுவதா முறை?

2022 சூன் 14-ஆம் நாள் அறிவித்த அக்கினிபாதைத் திட்டம் இந்தக் கேள்வியை இன்னும் கூர்மையாக்குகிறது. நான்காண்டுப் பணி, முடிவிலே நூற்றுக்கு 25 பேர் வரை படையிலே நிலைப்பர், ஏனையோர் ஏறத்தாழ 11.71 இலட்ச ரூபாயும் திறன் சான்றும் பெற்று, ஓய்வூதியமின்றி வெளியேறுவர். முப்பத்தெட்டு வயதிலே வருபவனுக்கே வழிகாட்டத் தெரியாத நாம், இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிலே வரும் இளைஞர் கூட்டத்துக்கு என்ன வழி சொல்லப்போகிறோம்? அந்தச் சான்றைக் கல்லூரி மதிக்குமா, கம்பெனி மதிக்குமா, அல்லது சட்டம் போட்டுச் சுவரிலே மாட்டத்தானா?

எதிர்த்தரப்பின் கேள்வியையும் கேட்போம்; அஞ்சவேண்டியதில்லை. "பெய்லி பாலம் பூட்டத் தெரிந்ததால் பாலம் வரையத் தெரிந்ததாகுமா? பொதுமக்கள் நடக்கும் பாலம் இடிந்தால் யார் பொறுப்பு?" என்கின்றனர். நியாயமான கேள்வி. பெய்லி பாலத்தின் சட்டம் ஒவ்வொன்றும் பத்தடி நீளம். ஆறு பேர் தூக்கலாம். பூட்டும் முறை கையேட்டிலே உண்டு. ஆனால் இந்தச் சட்டம் இவ்வளவு சுமையை ஏன் தாங்குகிறது என்று சொல்லக் கணிதம் வேண்டும், பொருளியக்கம் வேண்டும், மண்ணின் தன்மை தெரியவேண்டும். செலவுக் கணக்கும் ஒப்பந்தச் சட்டமும் பட்டாளம் சொல்லித்தராதவை. ஆகவே பட்டத்தைத் தட்டிலே வைத்து நீட்டு என்று நாம் கேட்கவில்லை. தேர்வு வை! கடுமையாகவே வை! ஆனால், கையிலே கற்றதற்கு மதிப்பெண் கொடு. கற்காததை மட்டும் கற்பி. ஐ.டி.ஐ. படித்தவன் பாலிடெக்னிக்கிலே நேரே இரண்டாம் ஆண்டு சேருகிறான். டிப்ளமா பெற்றவன் பொறியியல் கல்லூரியிலே நேரே இரண்டாம் ஆண்டு சேருகிறான். பதினைந்து ஆண்டு எந்திரத்தோடு வாழ்ந்தவனுக்கு மட்டும் ஏன் அந்தப் பக்கவாயில் மூடியிருக்கவேண்டும்?

கல்லூரியை இடைவழியிலே விட்டு வந்தவன் நான். பட்டத்தாளின் எடை என்னவென்று, அதைப் பெற்றவனைவிடப் பெறாதவனுக்கே நன்றாகத் தெரியும். அறிவைத் தருவதற்கு அந்தத் தாள் தேவைப்படுவதில்லை. அறிவாளியை உள்ளே விடுவதற்குத் தேவைப்படுகிறது!

ஆகவே நம் கோரிக்கை மூன்று. படையிலே கற்ற ஒவ்வொரு தொழிலுக்கும் இணையான பட்டய நிலையை அரசு வகுத்து, கல்லூரிகளையும் கம்பெனிகளையும் ஏற்கச் செய்யவேண்டும். கடைசி இரண்டாண்டுப் பணிக்காலத்தைக் கல்விக் காலமாக்கி, வெளியேறும் நாளிலே டிஸ்சார்ஜ் புத்தகத்தோடு தேர்ச்சிச் சான்றும் கையிலே இருக்கச் செய்யவேண்டும். தொழில்நுட்பப் பதவிகளிலும் முன்னாள் படைவீரர்க்கு இடம் ஒதுக்கி, அந்த இடம் நிரம்பியதா என்று ஆண்டுதோறும் கணக்குக் காட்டவேண்டும்.

சட்டமன்றமும் நாடாளுமன்றமும் செய்யவேண்டியவை இவை. நீ செய்யவேண்டியது ஒன்று உண்டு. உன் ஊரிலே, உன் தெருவிலே, பட்டாளத்திலிருந்து திரும்பியவர் ஒருவர் இருப்பார். இந்த வாரமே அவரிடம் செல். "அண்ணே, போர்க்கதை சொல்லுங்கள்" என்று கேளாதே, "என்ன தொழில் செய்தீர்கள்?" என்று கேள். எந்த எந்திரம், எத்தனை ஆண்டு, எந்தப் பயிற்சி என்று ஒன்றுவிடாமல், கம்பெனிக்காரனுக்குப் புரியும் மொழியிலே எழுதிக்கொடு. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு உடன் சென்று பதிவு செய். விடுமுறையிலே வரும் இளம் வீரனிடம், "தம்பி, கையிலே இருப்பதைத் தாளிலே ஏற்றிக்கொள், பணியிலே இருக்கும்போதே படி" என்று சொல். படிப்பகத்திலே கணிதம் சொல்லிக்கொடுக்க நம் தோழர்களிலே ஆளில்லையா?

பகை வரும்போது அவனைப் பார்த்து, "முன்னே செல்" என்கிறோம். பணி முடிந்து வரும்போது, "ஓரம் நில்" என்கிறோம். இந்த இரண்டாம் சொல்லை நம் அகராதியிலிருந்து அழிக்கும் வரையில், நாம் ஏற்றும் கொடிக்கும் இசைக்கும் பண்ணுக்கும் பொருளில்லை. புறப்படு, தம்பி, உன் பெயரையே தாங்கிய அந்த வீரன், வேலை கேட்டு வாயிலிலே நிற்கிறான்!